கண்மாய்க் கருவேல மரங்களில் நாரை கூடு கட்டினால் ஊர் என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது: சிவகங்கைப் பக்கத்துக் கிராமம். கண்மாய் உள்வாயில், அதாவது கரைக்கு உள்ளே நீர் தேங்கும் பரப்பில், நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் மூன்று வருடமாக நத்தைகுத்தி நாரையும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டுகின்றன. போன பங்குனியில் கண்மாய் வற்றிய வாரத்தில் இறகு முளைத்த குஞ்சுகள் நாற்பது ஐம்பது மரத்தடியில் செத்துக் கிடந்தன. சரணாலயமாக அறிவிக்க யாரிடம் மனு கொடுப்பது, தீபாவளிக்கு வெடியை நிறுத்திவிட்டால் போதுமா என்று கேட்கிறீர்கள். மனுவைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும், உங்களை உறுத்துவது அந்தச் செத்த குஞ்சுகள்தான் என்று நினைக்கிறேன். அடுத்த வருடம் அவை பறந்து போகும் வரை எப்படிக் காப்பது என்பதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மனுவுக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கண்மாயை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அளவுகளை, மடையைத் திறந்து அடைத்து வயலுக்குத் தண்ணீர் விடும் உங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சியிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.

குஞ்சுகள் ஏன் செத்தன என்பதை அவை செத்த விதமே ஓரளவு சொல்லிவிடும். நாரைகள் எல்லா முட்டைகளையும் ஒரே நாளில் பொரிப்பதில்லை. முதல் முட்டை இட்டதுமே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால் மூத்த குஞ்சுக்கும் கடைக்குட்டிக்கும் சில நாள் வித்தியாசம் இருக்கும். இரை குறைந்தால் கடைக்குட்டிதான் முதலில் சாகும். ஆகவே பருவம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னக் குஞ்சுகள் விழுவது இயல்பு. அதற்கு யாரும் காரணமில்லை, தடுக்கவும் முடியாது. நீங்கள் சொல்வது வேறு. இறகு முளைத்த பெரிய குஞ்சுகள், ஒரே வாரத்தில், கண்மாய் வற்றிய சமயத்தில். இது தண்ணீரும் இரையும் சேர்ந்து தீர்ந்துபோனதன் அடையாளம். தாய்ப்பறவைகளும் கூடவே செத்துக் கிடந்திருந்தால் நான் இப்படிச் சொல்லமாட்டேன். அப்போது நஞ்சையோ நோயையோதான் சந்தேகிக்க வேண்டும். வெறும் கையால் தொடாமல், நாய்கள் இழுத்துப் போகாமல் காவல் வைத்துவிட்டு, கால்நடை மருத்துவரையும் வனச்சரக அலுவலகத்தையும் அன்றே கூப்பிட வேண்டும்.

இந்தப் பறவைகள் தண்ணீர் சூழ்ந்த மரத்தைத் தேர்ந்தெடுப்பது காவலுக்காக. மரத்தைச் சுற்றி இடுப்பளவு தண்ணீர் நின்றால் நாய், பூனை, நரி, கீரி எதுவும் அடிமரத்தை நெருங்காது. ஆடு மேய்க்கிறவர்களும் விறகு வெட்டுகிறவர்களும் போகமாட்டார்கள். தண்ணீர் விலகிச் சேறு காய்ந்த அன்றே அந்தக் காவல் போய்விடும். கூட்டிலிருந்து தவறித் தண்ணீரில் விழுந்த குஞ்சு தத்தளித்துக் கிளையைப் பற்றி ஏறிக்கொள்ள வாய்ப்புண்டு. தரையில் விழுந்த குஞ்சை நாய் கொண்டுபோய்விடும்.

எத்தனை நாள் தண்ணீர் நிற்க வேண்டும் என்பதை விரலை மடக்கி எண்ணிவிடலாம். மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்ட ஒரு வாரம் பத்து நாள், அடைகாக்க ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சு பறக்க இரண்டு மாதம். ஒரு ஜோடிக்கு மட்டும் நூறு நாள் ஆகிறது. நத்தைகுத்தி கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிடும். அதன் குஞ்சு பொரித்து ஐந்து வாரத்துக்குப் பிறகு கூட்டைவிட்டுக் கிளம்பத் தொடங்கும். கூழைக்கடா வந்துவிட்டால் கணக்கு நீளும், அதன் குஞ்சுக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். எல்லா ஜோடிகளும் ஒரே நாளில் தொடங்குவதும் இல்லை. முதல் கூட்டுக்கும் கடைசிக் கூட்டுக்கும் நடுவே ஒரு மாதம், ஒன்றரை மாதம்கூட ஓடிவிடும். மார்கழித் தொடக்கத்தில் முதல் கூடு விழுந்தால், கடைசிக் குஞ்சு பறக்கச் சித்திரை பாதி தாண்டிவிடும். பங்குனியில் கண்மாய் வற்றியது என்கிறீர்கள். முந்திக்கொண்ட ஜோடிகள் தப்பித்திருக்கும், பிந்தியவை மாட்டிக்கொண்டன.

இனி ஆவியாதல். நம் பக்கத்தில் தை முதல் சித்திரை வரை திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 முதல் 7 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று வைத்துக்கொள்ளலாம். நூறு நாளுக்கு அரை மீட்டரிலிருந்து முக்கால் மீட்டர் வெயிலுக்கே போய்விடும். கசிவு தனி. கடைசி வாரத்திலும் மரத்தடியில் இரண்டடி நிற்க வேண்டுமென்றால், தை அறுவடை முடிந்து மடையை அடைக்கும்போது அந்த இடத்தில் நாலரை அடியாவது இருக்க வேண்டும். உங்கள் கண்மாயில் அது கைகூடுமா என்பது மடையின் அடிமட்டத்துக்கும் கருவேல மரங்கள் நிற்கும் தரைக்கும் உள்ள உயர வித்தியாசத்தைப் பொறுத்தது. மரங்கள் மடையைவிட மேட்டில் நின்றால், கண்மாய் நீர் பாயும் வயல்களான ஆயக்கட்டுக்குக் கடைசிச் சொட்டு பாய்வதற்கு வெகு முன்பே மரத்தடி காய்ந்துவிடும். ஒரு ரசமட்டக் குழாயும் இரண்டு பேரும் இருந்தால் அரை நாளில் இதை அளந்துவிடலாம். இதை அளக்காமல் வேறு எந்த வேலையிலும் இறங்க வேண்டாம்.

அளந்த பிறகு செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, மடைத் தூணில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, தண்ணீர் அந்தக் கோட்டுக்கு இறங்கியதும் மடையை அடைப்பது என்று ஆயக்கட்டுக்காரர்களோடு பேசி முடிவெடுப்பது. சம்பா அறுவடைக்குத் தேவையான தண்ணீரில் கைவைக்கச் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் அன்றோடு பறவைக்கு ஊரில் எதிரி பிறந்துவிடும். பேச வேண்டியது அறுவடைக்குப் பின் எஞ்சிய தண்ணீரைப் பற்றி மட்டும். இரண்டாம் போகத்துக்கு நெல்லைத் தவிர்த்து உளுந்து, பருத்தி, மிளகாய் என்று போவது ஒரு வழி. நெல்தான் போடுவேன் என்று நிற்கிறவருக்கு ஏற்படும் நட்டத்தை ஊர்ப் பொதுப் பணத்திலிருந்து ஈடு செய்வது இன்னொரு வழி. கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையான மீன்பாசியின் ஏலப் பணத்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கலாம். ஈடு பற்றிய பேச்சை எடுக்காமல், பறவை புண்ணியம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் மழை குறைந்த முதல் வருடத்திலேயே கோடு அழிக்கப்படும். கர்நாடகத்தின் கொக்கரெபெள்ளூரில் ஊருக்குள் நிற்கும் புளிய மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. மரத்தின் சொந்தக்காரர் இழக்கும் புளிக்கு வனத்துறை ஈட்டுத்தொகை கொடுக்கிறது. அந்த ஊரின் அன்பு உண்மையானது. அந்த அன்புக்கு இப்படி ஒரு கணக்கும் துணை நிற்கிறது.

மற்றொன்று, மடை மட்டத்துக்குக் கீழே தண்ணீர் தேங்குமாறு மரங்களைச் சுற்றிப் பள்ளம் எடுப்பது. மடை வழியாக வெளியேற முடியாத தண்ணீரை யாரும் பாய்ச்ச முடியாது, மோட்டார் வைத்து இறைத்தால் ஒழிய. எனக்குத் தெரிந்தவரை தகராறு இல்லாமல் நிலைப்பது இந்த ஏற்பாடுதான். மரத்தின் வேரை வெட்டாமல், கிளைகள் கவிந்திருக்கும் நிழலுக்கு வெளியே, மரக்கூட்டத்தை வளைத்து அகழி மாதிரி மூன்றிலிருந்து ஐந்தடி ஆழம் எடுக்கலாம். எடுத்த மண்ணை வெளியே கொண்டுபோகாமல் உள்வாயிலேயே திட்டுகளாகக் குவித்தால் அதில் புது மரம் வைக்கலாம். அகழியின் ஓரம் கிணறு போலச் செங்குத்தாக இருக்கக் கூடாது, சரிவாக இறங்க வேண்டும். நாரையும் கரண்டிவாயனும் அரிவாள் மூக்கனும் முழங்கால் நனையும் ஆழத்தில்தான் நடந்து இரை எடுக்கும். கண்மாய் முழுவதையும் ஒரே ஆழத்துக்குக் குடைந்து எடுத்துவிட்டால் தண்ணீர் நிற்கும், பறவைக்கு நிற்க இடமிருக்காது. கரையின் அடியை ஒட்டித் தோண்டவே கூடாது, கரை சரிந்துவிடும். கண்மாய் நீர்வளத்துறைப் பராமரிப்பிலா, ஊராட்சி ஒன்றியத்திலா என்பதைப் பார்த்து, மண் எடுக்க முறையான அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாக ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் பொதுப்பணித்துறை வழிவந்த நீர்வளத்துறை, அதற்குக் குறைந்தால் ஒன்றியம்.

தூர் வாரும் காலமும் முக்கியம். கடைசிக் குஞ்சு பறந்த பிறகு, ஐப்பசி மழைக்கு முன், ஆனி முதல் ஆவணி வரை கிடைக்கும் இடைவெளியில்தான் இயந்திரம் இறங்கலாம். அப்போதும் காய்ந்த கண்மாயை வெறும் தரை என்று நினைத்துவிடாதீர்கள். செம்மூக்கு ஆள்காட்டி கோடை முழுக்கக் கட்டாந்தரையில், கூடு என்று சொல்ல எதுவும் இல்லாமல், நாலு சின்னக் கற்களுக்கு நடுவே மண் நிறத்தில் நான்கு முட்டை இடும். பொக்லைன் ஓட்டுகிறவர் கண்ணுக்கு அது படாது. காலையில் ஒருவர் முன்னால் நடந்து, பறவை தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தும் இடத்தில் நான்கு குச்சி நட்டுத் துணி கட்டிவிட்டால் வண்டி சுற்றிப் போய்விடும். முட்டை பொரித்துக் குஞ்சு ஓட ஒரு மாதம் ஆகும், அதுவரை அந்த இடத்தை விட்டுவைத்தால் போதும்.

மரங்களைப் பற்றி. நாட்டுக் கருவேலம் மாதக்கணக்கில் அடிமரம் தண்ணீரில் நின்றாலும் தாங்கும், கிளைகள் குடை போல விரிந்து கூட்டைத் தாங்கிக்கொள்ளும், முள் காவலாகவும் இருக்கும். ஆனால் பல ஆண்டுகள் தொடர்ந்து நூற்றுக்கணக்கான பறவைகள் தங்கினால் மரம் பட்டுப்போகும். எச்சம் இலையை மூடிவிடுகிறது, வேரடி மண் அளவு மீறிய உரத்தால் கெடுகிறது, கூடு கட்டப் பச்சைக் கிளைகளை ஒடிப்பதும் சேர்ந்துகொள்கிறது. இப்போது நிற்கும் மரங்கள் என்றைக்கும் இருக்கும் என்று நம்பாமல் இந்தக் கோடையிலேயே அடுத்த தலைமுறையை வைத்துவிடுங்கள். ஆட்டுக் கிடையில் கிடக்கும் கருவேல விதை நன்றாக முளைக்கும், ஆட்டின் வயிற்றுக்குள் போய்வந்ததில் அதன் ஓடு இளகியிருக்கும். மரத்திலிருந்து பறித்த விதையென்றால் கொதித்து இறக்கிய நீரில் போட்டு ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். விதையை நேரடியாகத் திட்டில் ஊன்றினால் முதல் வெள்ளத்தில் முழுகிச் செத்துவிடும். பையில் வளர்த்து, இடுப்புயரம் தாண்டிய கன்றாக, மழைக்கு முன்பே திட்டின் உச்சியில் நட வேண்டும். முழுகாமல் நுனி வெளியே தெரிந்தால் பிழைத்துக்கொள்ளும். கூடு தாங்கும் மரமாக வளர ஆறேழு வருடமாவது ஆகும். நீர்க்கடம்பு இன்னும் மெதுவாக வளரும், ஆனால் நீரில் நிற்பதில் அதற்கு நிகர் இல்லை. வேடந்தாங்கல் ஏரிக்குள் நெடுங்காலமாகப் பறவைகளைத் தாங்குவது அந்த மரந்தான்.

சீமைக் கருவேலத்தை என்ன செய்வது என்று ஊரில் கேட்பார்கள். அது நல்ல மரம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வேறு மரம் இல்லாத கண்மாய்களில் கொக்கும் நீர்க்காகமும் வக்காவும் அதில்தான் கூடு கட்டுகின்றன. ஒரே கோடையில் அத்தனையையும் பிடுங்கிவிட்டால் அடுத்த கார்த்திகையில் வரும் பறவைக்கு உட்கார இடம் இருக்காது. பறவை ஏறாத ஓரத்திலிருந்து தொடங்கி, நட்ட நாட்டு மரம் தலையெடுக்கத் தலையெடுக்கக் கழித்துக்கொண்டே போகலாம்.

இரைக்கு வருவோம், ஏனென்றால் கண்மாய்க்குள் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். நத்தைகுத்தியின் அலகை அருகில் பார்த்தவர்களுக்குத் தெரியும், மூடிய பிறகும் நடுவில் ஓர் இடைவெளி விட்டு வளைந்திருக்கும். நத்தையின் வாய்மூடியை நெம்பி உள்சதையை உருவி எடுக்கும் வேலைக்கான அலகு அது. நெல் வயலிலும் வாய்க்காலிலும் உள்ள பெரிய நத்தைகள்தான் அதன் முக்கிய உணவு. அப்படியென்றால் உங்கள் கண்மாயைச் சுற்றிப் பல கிலோமீட்டர் தூரத்துக்கு உள்ள வயல்களும் அந்தக் கூட்டின் பகுதிதான். குருணை மருந்தைத் தண்ணீர் நிற்கும் வயலில் தூவினால் அது நத்தை வழியாகவும் தவளை வழியாகவும் குஞ்சின் வாய்க்குப் போகும். பக்கத்து ஊர் விவசாயிகளையும் கூட்டத்துக்கு அழைக்கச் சொல்வது இதற்காகத்தான். மஞ்சள் மூக்கு நாரைக்கு மீன்தான் வேண்டும். அது அலகைத் திறந்தபடி தண்ணீருக்குள் அமிழ்த்தி, காலால் கிளறிக்கொண்டே நடந்து, சின்ன மீன் அலகில் பட்டதும் கவ்வும். கண்ணால் பார்த்துப் பிடிப்பதைவிடத் தொட்டுணர்ந்து பிடிப்பதே அதிகம். ஆகவே ஆழம் குறைந்து மீன் செறிந்து நிற்கும் காலமும் அதன் குஞ்சு பசியெடுக்கும் காலமும் ஒத்துப்போக வேண்டும். மாசியில் மெல்ல இறங்கும் தண்ணீர் அதற்கு வரம். ஒரே வாரத்தில் மோட்டார் வைத்து இறைக்கப்படும் தண்ணீர், மூன்று நாள் விருந்து, பிறகு பட்டினி.

இங்கேதான் மீன்பாசி குத்தகை வருகிறது. குத்தகைதாரரைக் கெட்டவராக நினைக்க வேண்டாம். பணம் கட்டியவர் போட்ட மீன் குஞ்சைக் கூழைக்கடாவும் நீர்க்காகமும் தின்றால் அவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். பறவையால் மீன் நட்டமே இல்லை என்று யாராவது சொன்னால் அது உண்மையல்ல. நட்டம் உண்டு, எவ்வளவு என்பது கண்மாய்க்குக் கண்மாய் மாறும். ஆகவே நிபந்தனைகள் ஏலத்துக்குப் பின் அல்ல, ஏல அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். பறவை விரட்ட வெடி கூடாது. கூடுள்ள மரங்களிலிருந்து நூறு மீட்டருக்குள் மெல்லிய நைலான் இழையாலான தங்கூசி வலை கட்டக் கூடாது, பாம்புத்தாராவும் நீர்க்காகமும் நீருக்குள் முழுகி இரை தேடும்போது அதில் சிக்கிச் செத்துப்போகும். மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது. கண்மாய் வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கும் அழிகண்மாய் நாளைக் கடைசிக் குஞ்சு பறந்த பிறகுதான் குறிக்க வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஏலம் கேட்பவர் தொகையைக் குறைத்துத்தான் கேட்பார், அந்தக் குறைவை ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டும். விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்த மீன் குஞ்சாக வாங்கி விட்டால் சிறு பறவைகளுக்குப் பலியாவது குறையும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும் எக்காரணம் கொண்டும் உள்ளே விடக் கூடாது. அது தடைசெய்யப்பட்டது, நாட்டு மீன் இனத்தையே தின்று தீர்த்துவிடும்.

அமைதியைப் பற்றி நீங்களே கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மாவட்டத்திலேயே கொள்ளுகுடிப்பட்டி இருக்கிறது. 1977-ல் சரணாலயமான வேட்டங்குடிக் கண்மாய்களை ஒட்டிய ஊர் அது. தீபாவளிக்கு மட்டுமல்ல, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் அங்கே வெடி கிடையாது. தீபாவளி விழும் ஐப்பசிதான் பறவைகள் வந்து இடம் பார்க்கும் காலம். கூடு கட்டத் தொடங்காத பறவை ஒரு இரவு அதிர்ச்சியில் வேறு கண்மாய்க்குப் போய்விடலாம், போனால் அந்த வருடம் திரும்பாது. ஆக, வெடியை நிறுத்துவது அவசியம். ஆனால் போதாது. வெடியைவிட அதிகச் சேதம் செய்வது மரத்தடிக்கு ஆள் போவது. ஆள் நெருங்கினால் தாய் எழுந்து பறக்கும். அடுத்த நிமிடமே காக்கையும் பருந்தும் முட்டைக்கு இறங்கும்.

உச்சி வெயிலில் இது இன்னும் மோசம். பன்னிரண்டு மணிக்குக் கரையிலிருந்து தொலைநோக்கியில் ஒரு மஞ்சள் மூக்கு நாரைக் கூட்டைப் பாருங்கள். தாய் உட்கார்ந்திருக்காது. சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, இறக்கைகளைப் பாதி விரித்துத் தொங்கவிட்டிருக்கும். அந்த நிழலுக்குள் வெள்ளைப் பஞ்சு போன்ற குஞ்சுகள் ஒடுங்கிக் கிடக்கும். வெயில் நகர நகர அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். அதன் கால்கள் வெள்ளையடித்தது போல இருக்கும், தன் எச்சத்தையே காலில் வழியவிட்டு உடம்பைக் குளிர்வித்துக்கொள்கிறது. அந்தத் தாயைப் பத்து நிமிடம் எழுப்பிவிட்டால் இறகில்லாத குஞ்சு வெயிலில் வாடிவிடும். படம் எடுக்க வருகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். பார்க்கும் இடத்தைக் கரையின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள், மரத்திலிருந்து நூறு மீட்டராவது தள்ளி, ஓலைத் தட்டி மறைப்போடு. உட்கார்ந்திருக்கும் பறவை கழுத்தை நீட்டி எழுந்து நின்றால் நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். ட்ரோன் கூடவே கூடாது.

விழுந்த குஞ்சை என்ன செய்வது? கூடு கைக்கெட்டும் உயரத்தில் இருந்து, ஏறினால் பக்கத்துக் கூடுகள் கலையாது என்றால் திரும்ப வைத்துவிடலாம். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கும் என்பது தவறான நம்பிக்கை. எட்டாத கூடு என்றால் கூடையில் வைக்கோல் போட்டு நிழலில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். அனுமதியில்லாமல் வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம், நல்லெண்ணத்தோடு செய்தாலும். அதுவரை கொடுப்பதானால் முழுச் சின்ன மீனை, உப்புப் படாததை, ஈரமாக முன்னால் போடுங்கள், தானே எடுக்கும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். மூச்சுக்குழாய்க்குள் போய்ச் சாவதற்கு அதுவே காரணமாகிவிடும், மீனில் உள்ள நீரே அதற்குப் போதும். சோறு, பால், ரொட்டி எதுவும் ஆகாது. நாரையைத் தூக்கும்போது அலகு உங்கள் கண்ணுக்கு எட்டாமல் பிடியுங்கள். கூழைக்கடா என்றால் அலகை இறுக்கிக் கட்டிவிடாதீர்கள், அது பெரும்பாலும் வாய் வழியாகத்தான் மூச்சு விடுகிறது.

கணக்கு எழுதி வைப்பது சின்ன வேலையாகத் தெரியும், ஆனால் எந்த அலுவலகத்தில் பேசினாலும் கை கொடுப்பது அதுதான். மரங்களுக்கு எண் கொடுத்து ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். கரையில் இரண்டு மூன்று நிலையான இடங்கள் குறித்து, பத்து நாளைக்கு ஒரு முறை, காலை எட்டு மணிக்கு முன், ஒவ்வொரு மரத்திலும் கட்டுகிற கூடு எத்தனை, அடைகாக்கும் கூடு எத்தனை, பஞ்சுக் குஞ்சு உள்ளது எத்தனை, எழுந்து நிற்கும் குஞ்சு உள்ளது எத்தனை என்று எழுதுங்கள். அதே தாளில் மடைத் தூணில் தண்ணீர் மட்டத்தையும் எழுத வேண்டும். பறவையை எண்ணுவதைவிடக் கூட்டை எண்ணுவதே இங்கே நம்பகமானது, பறவை போகும் வரும். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேரும் எட்டு மடங்கு பெருக்கும் தொலைநோக்கி ஒன்றும் போதும். ஐப்பசியில் வந்து பங்குனியில் வடக்கே திரும்பும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, உள்ளான்களையும் எழுதலாம். ஆனால் அவை உங்கள் ஊரில் கூடு கட்டுவதில்லை என்பதால் அந்தக் கணக்கைத் தனியாக வையுங்கள். இரண்டையும் கலந்து ஆயிரக்கணக்கான வெளிநாட்டுப் பறவைகள் என்று எழுதினால் கூடு கட்டும் நம் பறவைகளின் தேவை மறைந்துபோகும். நாரையும் கூழைக்கடாவும் இந்த மண்ணின் பறவைகள்தான்.

இனி மனு. முதலில் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பறவைகளைச் சரணாலயத்துக்கு வெளியிலும் காக்கிறது. சுடுவது மட்டுமல்ல, கூட்டைக் கலைப்பதும் முட்டையை எடுப்பதும் வேட்டையாகவே கருதப்படும். ஆகவே வேட்டையைத் தடுக்க நீங்கள் எந்த அறிவிப்புக்கும் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே புகார் செய்யலாம். சரணாலயம் ஆனால் காவலர் வருவார், பணம் வரும், கண்மாயை வேறு வேலைக்கு எளிதில் எடுக்க முடியாது. கூடவே மீன்பாசி, மேய்ச்சல், வண்டல் எடுப்பது எல்லாம் அனுமதிக்கு உட்படும். ஊரில் பாதிப் பேருக்கு இது பிறகு தெரியவந்தால் பறவையின் மேல்தான் கோபம் திரும்பும். முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சின்ன இடத்துக்கு வேறு வழிகளும் உண்டு. அரசு நிலத்துக்குப் பாதுகாப்புக் காப்பகம், ஊர் அல்லது தனியார் நிலத்துக்குச் சமுதாயக் காப்பகம் என்று 2002 திருத்தத்தில் அதே சட்டத்தில் இடம் வைத்தார்கள். திருநெல்வேலி மாவட்டம் திருப்புடைமருதூர் 2005-ல் அப்படிப் பறவைகளுக்கான பாதுகாப்புக் காப்பகமானது, அதன் பரப்பு மூன்று ஹெக்டேருக்கும் குறைவு. மதுரை அரிட்டாபட்டி 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது வேறொரு சட்டத்தின் வழியாக. கண்மாய் அரசுப் புறம்போக்கு என்றால் உங்களுக்குப் பொருந்துவது பாதுகாப்புக் காப்பகம் என்பது என் எண்ணம். ஆனால் பட்டாவும் அடங்கலும் பார்த்த பிறகு வனத்துறை சொல்வதே முடிவு.

அறிவிப்பு இல்லாமல் ஊர் எவ்வளவு காலம் தாங்க முடியும் என்பதற்கு வேடந்தாங்கலே சாட்சி. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரர்களைத் தடுக்கச் சொல்லி அந்த ஊரார் செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு ஆணை வாங்கினார்கள். அரசு அதைச் சரணாலயமாக ஏற்றது 1936-ல்தான். இடைப்பட்ட காலம் முழுக்கக் காத்தது ஊர். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. திருநெல்வேலி மாவட்டப் பறவைச் சரணாலயமான கூந்தன்குளத்தில் மரத்தடி வண்டலை அள்ளி வயலுக்குப் போடுவதும் அதே அறிவுதான். உங்கள் ஆயக்கட்டிலும் மடையை ஒட்டிய முதல் வயலில் இந்த வருடம் யூரியாவைக் குறைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு குறைக்கலாம் என்பதை நான் சொல்வதைவிட மண் பரிசோதனை சொல்லட்டும்.

மழை பொய்த்தால் இவை எல்லாம் செய்தும் பறவை வராது. கண்மாய் நிறையாத வருடத்தில் அவை கூடு கட்டாமலே விட்டுவிடும், அதை ஊரின் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வருடம் வந்ததால் நான்காம் வருடமும் வரும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. நிறைந்த வருடத்தில் வந்தவை குஞ்சைப் பறக்கவிட்டுப் போனால் திரும்ப வரும் வாய்ப்பு கூடும் என்பது வரை சொல்லலாம்.

வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும். இந்த வாரம் மடை மட்டத்தையும் மரத்தடி மட்டத்தையும் அளந்துவிடுங்கள். ஆடியில் அகழியும் திட்டும். அக்டோபர் 2 கிராம சபையில் மடைக்கோடு, வெடி, மரத்தடிக்குப் போகாமை மூன்றையும் ஒரே தீர்மானமாக நிறைவேற்றி நகல் வாங்கிக்கொள்ளுங்கள், பருவம் தொடங்கப் பத்துப் பதினைந்து நாள்தான் இருக்கும். அந்த நகலையும் ஒரு பருவத்துக் கூட்டுக் கணக்கையும் இணைத்து அடுத்த சித்திரையில் மாவட்ட வன அலுவலருக்கும் ஆட்சியருக்கும் மனு கொடுங்கள். அளந்த இரண்டு எண்களையும், மிகை நீர் வழிந்தோடும் கலுங்கின் மட்டத்தையும், போன வருடம் மடை அடைத்த தேதியையும் இங்கே எழுதினால், எத்தனை நாள் தண்ணீர் நிற்கும் என்று உங்கள் கண்மாய்க்கே கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.